திருநெல்வேலியில் வீடு கட்டும் கிறித்தவப் பணி

திருநெல்வேலியில் வீடு கட்டும் கிறித்தவப் பணி என்பது, தாமிரபரணி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதற்குத் தெற்கே விரியும் தேரி நிலத்திலும், இருக்க இடமின்றி வெளியேற்றப்பட்ட மக்களுக்காக மனை வாங்கிக் குடியிருப்புகள் அமைத்த முயற்சிகளைக் குறிக்கும். 1799இல் உருவான முதலூர் இவற்றுள் முதன்மையானது. 1830இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட தரும சங்கம் இம்முயற்சிக்கு நிலையான அமைப்பைத் தந்தது.

"வீடு கட்டும் அருட்பணி" என்றால் இன்று பலருக்கும் நினைவில் வருவது, விடுமுறையில் வேற்று நாட்டுக்குச் சென்று ஓரிரு வாரம் செங்கல் சுமந்து திரும்பும் திருச்சபை இளைஞர் குழுக்களே. திருநெல்வேலியின் வரலாறு இதற்குச் சற்று மாறானது. இங்கே வெளியார் கொண்டு வந்தது பணமும் செல்வாக்கும். சுவரை எழுப்பியவர் அதற்குள் குடியிருக்கப் போகிறவர். அந்த வரலாற்றையும், இத்தகைய பயணத்திற்கு ஆயத்தமாகும் குழு ஒன்று அதிலிருந்து அறியத்தக்கவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

பழைய திருநெல்வேலிச் சீமையில் இருவகை நிலங்கள் அடுத்தடுத்து அமைந்திருந்தன. தாமிரபரணிப் பாசனம் பெற்ற பகுதி நெல் விளையும் நஞ்சை. அதற்குத் தெற்கே சாத்தான்குளம், நாசரேத்து, திசையன்விளை முதலிய ஊர்களைச் சுற்றியிருப்பது செம்மணல் தேரியும் பனங்காடும் ஆகும். பிற்பகுதியில் வாழ்ந்தோருள் பெரும்பாலானவர்கள் பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் நாடார்கள் (அக்காலப் பதிவுகளில் சாணார்). பனையும் நிலமும் பலவிடங்களில் வேறொருவர் உடைமையாக இருந்தன.

பனையேறி தன் குடிசையைத் தானே கட்டிக்கொண்டார். ஆனால் அது நின்ற மனை அவருடையதன்று. நிலக்காரர் "எழுந்து போ" என்றால் ஓலையையும் மரத்தையும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதனால் வீடில்லாமை என்பது இப்பகுதியில் முதன்மையாகக் கட்டடச் சிக்கலாக அல்லாமல் மனைச் சிக்கலாகவே இருந்தது. குடிசை எழுப்பச் சில நாட்கள் போதும். அசைக்க முடியாத மனை கிடைப்பதே அரிது.

கிறித்தவத்தைத் தழுவியவர்கள் ஊர்க்கோவில் கொடைக்கு வரி தர மறுத்தனர். தேர் இழுத்தல் போன்ற கட்டாய ஊழியங்களையும் விட்டனர். நிலக்காரர்களும் ஊரின் மற்றவர்களும் இதனை மரபையும் கடமையையும் மீறிய செயலாகக் கண்டனர். அடி, வழக்கு, கிணற்றில் நீரெடுக்கத் தடை என்று தொடங்கிய பூசல் பலமுறை மனையை விட்டு வெளியேற்றுவதில் முடிந்தது. (இப்பூசல்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துப் பதிவுகளில் பெரும்பகுதி மிஷனரிகள் எழுதியவை. எதிர்த்தரப்பின் நியாயங்கள் அவற்றில் மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றன என்பதைப் படிப்போர் மனத்தில் கொள்ள வேண்டும்.)

முதலூர்

பாளையங்கோட்டையில் கிறித்தவச் சபை 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேருடன் தொடங்குகிறது. குளோரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண் முன்னின்று கட்டிய சிறிய ஆலயம் 1785இல் நிறைவுற்றது. ஆனால் இது கோட்டையையும் நகரத்தையும் சார்ந்த சபை. பனங்காட்டு ஊர்களுக்குச் செய்தி சென்றது, சாத்தான்குளம் அருகிலுள்ள காலங்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தம் என்பவர் வழியாகவே. தாவீது என்னும் பெயருடன் உபதேசியாராகத் தம் மக்களிடம் திரும்பிய இவர், 1790களின் இறுதியில் பல குடும்பங்களைச் சபையில் சேர்த்தார்.

அக்குடும்பங்கள் விரைவிலேயே தாக்குதலுக்கு உள்ளாயின. எழுப்பிய செப வீடு இடிக்கப்பட்டது. குடிசைகள் சிதைக்கப்பட்டன. தாவீது, எவரெட் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவரின் பண உதவியுடன் தனியாக ஒரு நிலத்தை வாங்கி, 1799இல் அங்கே அக்குடும்பங்களைக் குடியேற்றினார். தொடக்கத்தில் அங்கே வந்தவர்கள் 28 பேர் எனக் கூறப்படுகிறது. ஒரு கிணறு, ஒரு செப வீடு, சில குடிசைகள் ஆகியவற்றைக் கொண்ட அவ்விடம் முதல் ஊர் என்னும் பொருளில் முதலூர் எனப் பெயர் பெற்றது. இவ்வகைக் குடியிருப்புகளை ஆய்வாளர்கள் அடைக்கல ஊர்கள் என்று வகைப்படுத்துவர்.

நிலம் வாங்கியதால் பகை தீர்ந்துவிடவில்லை. ஊர் தோன்றிச் சில ஆண்டுகளில் தாவீது காணாமற்போனார். நஞ்சிட்டுக் கொல்லப்பட்டார் என்று நம்பப்படுகிறது. ஊர் நிலைத்தது. பெத்லகேம், நாசரேத்து ஆகிய குடியிருப்புகள் அடுத்த சில ஆண்டுகளில் தோன்றின. இன்று முதலூரும் நாசரேத்தும், 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளன.

தரும சங்கம்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் (1790 - 1838), பிரசிய நாட்டவர்; சர்ச் மிஷனரி சங்கத்தின் பணியாளர். தமிழ் இலக்கணமும் பூமி சாஸ்திரம் என்னும் நூலும் எழுதியவர் என்ற வகையில் தமிழ் மாணவர்கள் இவரை அறிவர். இவர் காலத்தில் சபைகள் வேகமாகப் பெருகின. மனையிழந்து வந்து நிற்கும் குடும்பங்களும் உடன் பெருகின. ஒவ்வொரு முறையும் ஓர் ஆங்கில அதிகாரியின் இரக்கத்தை எதிர்பார்த்து நிலம் வாங்குவது இயலாததாயிற்று.

இந்நிலையில் 1830இல் தரும சங்கம் நிறுவப்பட்டது. கிறித்தவக் குடும்பங்களுக்காக மனையும் நிலமும் வாங்குதல், வீடுகள் அமைத்தல், இருக்கும் குடியிருப்புகளை விரிவாக்குதல் ஆகியன இதன் முதன்மை நோக்கங்கள். உள்ளூர்க் கிறித்தவர்களே இதில் உறுப்பினராகிப் பணம் செலுத்தினர் என்பது இங்கே கருதத்தக்கது. பனையேறியும் உபதேசியாரும் பள்ளி ஆசிரியரும் தந்த சிறு தொகைகள், முன்பின் அறியாத இன்னொரு குடும்பத்தின் மனையாக மாறின. ஐரோப்பியர் நன்கொடையும் சேர்ந்தது; ஆயினும் உதவி பெற்றவர் நாளை உதவி செய்பவராகவும் இருக்கலாம் என்ற ஏற்பாடு, தனியொரு புரவலரின் கொடையிலிருந்து வேறானது.

இக்குடியிருப்புகளில் நிலம் பெரும்பாலும் மிஷன் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ இருந்தது. இதற்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஒருவருடைய கடனுக்காக மனை ஏலம் போகாது. நிலக்காரரும் வெளியேற்ற முடியாது. அதே வேளையில், பழைய நிலக்காரர் இருந்த இடத்தில் இப்போது மிஷனரி இருந்தார். கள் உண்ணாமை, ஓய்வுநாள் ஆசரிப்பு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் போன்ற ஊர் விதிகளை மீறுபவர், வீட்டோடு ஊரையும் இழக்க நேரிடலாம். மனைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல் ஊரில் செல்லும் என்னும் பழைய உண்மையை இக்குடியிருப்புகளும் மாற்றிவிடவில்லை.

வீடு கட்டிய முறை

அக்காலக் குடியிருப்பு வீடுகளுக்கு வேண்டிய பொருட்களில் ஏறத்தாழ எல்லாம் பனங்காட்டிலேயே கிடைத்தன. முதிர்ந்த பனையின் தண்டைப் பிளந்து கைமரமும் உத்திரமும் செய்தனர். வைரம் பாய்ந்த கருமையான வெளிப்பகுதி கரையானை எளிதில் அண்டவிடாது. உள்ளிருக்கும் சோற்றுப் பகுதி பயன்படாது. பனை மட்டை வரிச்சாகவும் நார் கயிறாகவும் ஓலை கூரையாகவும் பயன்பட்டன. சுவர், மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காக எழுப்பிய மண்சுவர். ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்த அடுக்கை வைக்க வேண்டும். இதனால் மழைக்கு முன்பே சுவர் வேலையை முடித்துவிடுவர்.

ஓலைக் கூரை வெயிலைத் தாங்குவதில் சிறந்தது. ஆனால் அது இற்றுப்போவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். தீப்பற்றினால் ஒரு தெருவே எரிந்துவிடும். பகை மூண்ட காலத்தில் ஓலைக் கூரை எளிய இலக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. வசதி வந்தபோது நாட்டோடும் காரைச் சுவரும் வந்தன. காரைக்குச் சுண்ணாம்புடன் மணலும் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்து அரைப்பது தென்தமிழகத்துக் கொத்தர்கள் நன்கறிந்த முறை. பனையேறியின் உழைப்பு உணவாக மட்டுமன்றிச் சுவராகவும் இறுகியது எனலாம்.

இத்தகைய வீட்டைக் கட்ட வெளியிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. கூரை வேய்தலுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் கூடுவர். வீட்டுக்காரர் கஞ்சி ஊற்றுவார். வெளியாரால் மட்டுமே செய்யக்கூடியவை சில இருந்தன. மனையின் விலையைத் தருதல், பத்திரத்தைப் பதிதல், மாவட்ட நீதிபதியிடமும் தண்டல் அதிகாரியிடமும் வழக்கை எடுத்துச்செல்லுதல் ஆகியவையே அவை.

தோனாவூரும் பிற ஊர்களும்

பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சில ஊர்ப் பெயர்களே சொல்கின்றன. களக்காட்டுக்கு அருகிலுள்ள புலியூர்க்குறிச்சியில் 1827இல் குடியிருப்பு அமைக்க, பிரசிய நாட்டுப் பிரபு தோனா என்பவர் பொருளுதவி செய்தார். அவர் பெயரால் அது தோனாவூர் ஆயிற்று. (பிற்காலத்தில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் இவ்வூரில் தங்கிக் குழந்தைகளுக்கான இல்லத்தை வளர்த்தார், 1951இல் இங்கேயே மறைந்தார்.) சாயர்புரமும் அவ்வாறே சாயர் என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியது. ஜி. யு. போப் 1842இல் பணியாற்றத் தொடங்கிய ஊர் இதுவே.

வேறு சில ஊர்கள் விவிலியத்திலிருந்தோ புதிய நம்பிக்கையிலிருந்தோ பெயர் பெற்றன. நெடுவிளை மெய்ஞ்ஞானபுரமானது. சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆனந்தபுரம், பிரகாசபுரம் முதலியனவும் இவ்வகையின. சாத்தான்குளத்திலிருந்து நாசரேத்துக்குப் பேருந்தில் செல்பவர் வழிகாட்டிப் பலகைகளைப் படித்தாலே இவ்வரலாற்றின் பாதியை அறிந்துகொள்ளலாம்.

தெரு, கிணறு, தொழில்

1837இல் வந்த ஜான் தாமஸ், மெய்ஞ்ஞானபுரத்தை மணற்காடாகவே கண்டார். கிணறுகள் வெட்டி, மரங்கள் நட்டு, பள்ளிகள் அமைத்து அவ்வூரை உருவாக்கினார். அங்குள்ள தூய பவுல் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரம் சமவெளியில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். 1841இல் இடையன்குடிக்கு வந்த இராபர்ட் கால்டுவெல், வீடுகள் கண்டபடி நெருங்கியிருந்த ஊரை நேரான தெருக்களாகத் திருத்தியமைத்தார். ஊரின் அமைப்பு மாறினால் வாழ்வும் மாறும் என்பது அக்கால மிஷனரிகளின் உறுதியான எண்ணம். இதில் ஓரளவு உண்மை உண்டு. நல்ல கிணறும் அகன்ற தெருவும் நோய்க்கும் தீக்கும் எதிரான காப்புகள்தாம்.

வீடு கட்டும் பணி தொழிற்பயிற்சியாக மாறியது நாசரேத்தில் எனலாம். 1876இல் அங்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ், அவ்வாண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். அவர்களுக்காகத் தச்சு, கொல்லு, தையல் முதலிய தொழில்களைக் கற்பிக்கும் கலைத்தொழிற்பள்ளியையும் நிறுவினார். ஒருவருக்குக் கதவு செய்து கொடுப்பதற்கும், கதவு செய்யக் கற்றுக்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பள்ளி காட்டியது. மர்காஷிஸ் 1908இல் இறக்கும்வரை நாசரேத்தை விட்டு நீங்கவில்லை.

எதிர்ப்புகளும் குறைகளும்

குடியிருப்புகளில் எல்லாம் இணக்கமாக நடந்தன என்று எண்ணுதல் பிழை. கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி வெளியிட்ட நூல் அம்மக்களை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டது. நாசரேத்துப் பகுதியில் மிஷனரியின் அதிகாரத்தின் மீதும் மனக்கசப்பு வளர்ந்தது. 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்னும் அறிஞரின் தலைமையில், பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு ஒரு பகுதியினர் பிரிந்து, வெள்ளையர் மேற்பார்வை இல்லாத இந்துக் கிறித்தவ சபையை அமைத்தனர். மனையும் பள்ளியும் தந்தவர்களை எதிர்த்து இவர்கள் எழுந்ததை நன்றியின்மை என்று அன்றைய மிஷனரிகள் எழுதினர். தன்மதிப்பைக் கொடையால் ஈடுசெய்ய முடியாது என்று சொல்வதே இன்று பொருத்தமாகத் தோன்றுகிறது.

மற்றொரு குறை, அடைக்கல ஊர்களும் சாதி வழியே அமைந்தது. ஒரே உறவுமுறைக் குடும்பங்கள் சேர்ந்து மதம் மாறியதால் குடியிருப்பும் ஒரே சாதியாரின் ஊராக அமைவது இயல்பாயிற்று. பள்ளர், பறையர் கிறித்தவர்கள் பெரும்பாலும் தனித் தெருக்களிலும் தனி ஊர்களிலுமே இருந்தனர். புதிய ஊரை வெற்று நிலத்தில் வரைந்தபோதும் பழைய கோடு அழியவில்லை.

வெளியே புறப்பட்டவர்கள்

உதவி பெற்ற சபைகள் தாமே பணியாளர்களை அனுப்பத் தொடங்கியது இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் ஆகும். இதற்கான தூண்டுதல் கடல் கடந்து வந்தது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா, இளைஞர் கிறித்தவ சங்கத்தின் செயலாளராக 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ் மாணவர்கள் தாமே ஒரு வெளிநாட்டு அருட்பணிச் சங்கம் அமைத்து, தமிழகக் கடற்கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்குப் பணியாளரை அனுப்பியிருப்பதைக் கண்டார். யாழ்ப்பாண மாணவர்களுக்குத் தொண்டி "வெளிநாடு". நமக்கு அது சேது நாட்டுக் கடற்கரை!

ஊர் திரும்பிய அசரியாவும் நண்பர்களும் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினர். இந்தியப் பணம், இந்தியப் பணியாளர், இந்திய நிருவாகம் என்பது அதன் கொள்கை. அவர்கள் தேர்ந்த களம் ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். மொழி தெலுங்கு; அரசு வேறு; உணவும் வேறு. திருநெல்வேலிச் சபையாருக்கு அது வெளிநாடு போன்றதே. புறப்பட்டவர்களின் முதல் வேலை கட்டுவதோ போதிப்பதோ அன்று, தெலுங்கு கற்பதே. அசரியாவும் 1909இல் குடும்பத்துடன் அங்கே குடியேறினார்; 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம் 1939இல் திறக்கப்பட்டது. மேலைநாட்டு ஊசிக்கோபுரத்தைத் தவிர்த்து இந்தியக் கட்டட மரபுகளைக் கலந்து அது கட்டப்பட்டது.

அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டார் பெருங்கொடைகளைத் தந்தார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தமக்கு வேண்டியது நட்பே என்று அவையோரிடம் கேட்டார். உதவி பெறும் ஊர்களில் வளர்ந்தவர் ஒருவரின் குரல் அது.

பணிப் பயணம் என்னும் வடிவம்

குறுகிய காலம் சென்று வீடு கட்டித் திரும்பும் வழக்கத்தின் மூலம் ஐரோப்பாவில் உள்ளது. முதல் உலகப்போரில் அழிந்த பிரான்சு நாட்டு எனு (வெர்டன் அருகே) என்னும் சிற்றூரை மீளக் கட்டுவதற்காக, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரசோல் 1920இல் ஒரு தொண்டர் முகாம் நடத்தினார். குழுவில் செருமானியரும் இருந்தனர். பகை நாட்டார் கையால் வீடு எழுவது மனத்தை ஆற்றும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் ஊரும் அதிகாரிகளும் அதற்கு ஆயத்தமாக இல்லாததால் சில மாதங்களில் முகாம் நின்றது. கட்டுவோர் ஆயத்தமானால் போதாது, பெறுவோரும் ஆயத்தமாக வேண்டும் என்பது முதல் முகாமிலேயே வெளிப்பட்டது. 1934 சனவரி பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் செரசோல் இந்தியா வந்து, வெள்ளம் சூழ்ந்த ஊர்களை மேட்டு நிலத்தில் மீண்டும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். இம்முறை சில தோழர்களுடன் பல மாதங்கள் தங்கி, ஊராருடன் சேர்ந்து உழைத்தார்.

இன்று இத்துறையில் பெரிதும் அறியப்பட்டது, அமெரிக்காவில் 1976இல் தோன்றிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்னும் கிறித்தவ அமைப்பு. வீட்டுக்குரியவர் தம் உழைப்பைத் தருதல், வட்டியில்லாக் கடனாகச் செலவைத் திருப்பிச் செலுத்துதல் ஆகியன அதன் தொடக்கக் கொள்கைகள். இந்தியாவில் 1983இல் கம்மத்தில் பணி தொடங்கியது. 2006இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் உள்ளிட்ட தொண்டர்கள் லோணாவளா அருகே வீடு கட்டியது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது.

ஆழிப்பேரலையும் ஈழத்து வீடுகளும்

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையெங்கும் திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் வீடு கட்ட முன்வந்தன. 2005இல் தமிழ்நாடு அரசு வகுத்த திட்டத்தில் இரண்டு கூறுகள் முதலூர்க் காலத்துச் சிக்கலை நினைவூட்டுகின்றன. நிலத்தை அரசு தரும், நிறுவனம் வீட்டைக் கட்டும் என்பது ஒன்று. வீடும் மனையும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக வழங்கப்படும் என்பது மற்றொன்று. தரும சங்கத்தின் காலத்தில் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இடம்பெறுவதை யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

இலங்கையில் போர் 2009இல் முடிந்தபின், இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவுவதாக 2010இல் அறிவித்தது. முதலில் முன்னோட்டமாக 1,000 வீடுகள் ஒப்பந்தக்காரர் மூலம் கட்டப்பட்டன. 2012இல் தொடங்கிய பெரிய கட்டத்தில் முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 5,50,000 இலங்கை ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது. கடைக்கால், சுவர், கூரை என ஒவ்வொரு நிலையும் முடிந்த பின் அடுத்த தவணை. கட்டியவர்கள் வீட்டுக்காரர்களே. அடுப்படி எங்கே, வாசல் எந்தத் திசை, எந்தக் கொத்தனார் என்பதை எல்லாம் அவர்களே முடிவு செய்தனர். அதே வேளையில், கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்திய பெண்களுக்கு இம்முறை பெருஞ்சுமையாகவும் இருந்தது. சிமெண்டு விலை ஏறினால் துண்டு விழும் தொகையைக் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.

புறப்படும் குழுவின் ஆயத்தம்

மேற்கண்டவற்றிலிருந்து, வீடு கட்ட வேற்று நாட்டுக்குப் போகும் இளைஞர் குழுவின் ஆயத்தம் பயணச்சீட்டில் தொடங்குவதில்லை என்பது விளங்கும். முதற்கேள்வி, வீட்டைக் கேட்டவர் யார் என்பது. ஊராரோ உள்ளூர்ச் சபையோ கேட்காமல் குழுவே தேர்ந்த வேலை எனுவின் கதையாக முடியலாம். இரண்டாவது கேள்வி, மனை யார் பெயரில் உள்ளது என்பது. நன்றாகக் கட்டிய வீடு வாடகை மனையில் நின்றால் அதன் பயன் நிலக்காரருக்கே போய்ச் சேரும். பத்திரத்தின் படியை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது வேலையின் அளவு. கட்டடப் பயிற்சி இல்லாத பதினைந்து இளைஞர்கள் ஒரு வாரத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியாது. அவர்களால் செய்யக்கூடியவை சித்தாள் வேலைகள்: வானம் தோண்டுதல், மணல் சலித்தல், கல்லும் கலவையும் சுமத்தல், சுவருக்கு நீராற்றுதல், வண்ணம் பூசுதல். தூக்குக்குண்டும் இரசமட்டமும் கொத்தனார் கையில்தான் இருக்க வேண்டும். சுவர் கால் அங்குலம் சாய்ந்தாலும் கூரை போடும்போது அது தெரியவரும். குழு அதற்குள் விமானம் ஏறியிருக்கும். சிமெண்டுக் கட்டுமானத்திற்கு ஏழு நாட்களாவது நீராற்ற வேண்டும் என்பதால், குழு திரும்பிய பின்னும் அவ்வேலையைத் தொடர ஆள் இருக்கிறாரா என்பதையும் முன்பே உறுதி செய்ய வேண்டும்.

காலமும் முக்கியம். தமிழகத்திலும் வட இலங்கையிலும் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வானத்தில் நீர் நிற்கும். மே விடுமுறையில் வேலை நடக்கும், ஆனால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்திவிட வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவருக்கு வெயில் மயக்கம் வருவது உறுதி.

பணத்தைப் பற்றிப் பேசக் குழுக்கள் பொதுவாகக் கூச்சப்படுகின்றன. பதினைந்து பேரின் விமானக் கட்டணத்தைக் கூட்டினால், பல இடங்களில் அத்தொகைக்கு உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு வீடே கட்டிவிடலாம். ஆகவே, தாம் போவதால் மட்டும் நடக்கக்கூடியது என்ன என்று குழு தன்னையே கேட்டுக்கொள்வது நேர்மையாகும். நட்பு, கற்றல், ஊர் திரும்பிய பின் தொடரும் உதவி ஆகியவை அதற்கு விடையாக இருக்கலாம். மலிவான உழைப்பு விடையாகாது. திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் அடுப்பில் உலை வைக்குமுன் எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கை போன்ற சிறு சேமிப்புகளால் திரட்டிய பணம், செல்பவரை மட்டுமன்றி அனுப்புபவரையும் பணியில் பங்காளியாக்குகிறது.

வீட்டைச் சமயத்துடன் கட்டிப்போடுவது மிகக் கூரிய சிக்கல். வீடு தந்து மதம் மாற்றுகிறார்கள் என்னும் குற்றச்சாட்டு ஆழிப்பேரலைக் காலத்திலும் எழுந்தது. முதலூரில் மதம் மாறியதால் வீடு இழந்தவர்களுக்கு வீடு கிடைத்தது. வீட்டுக்காக மதம் மாறுவது அதன் தலைகீழ் வடிவம். பயனாளிகளைச் சமய வேறுபாடின்றித் தேர்ந்தெடுப்பதும், செப வேளையில் கலந்துகொள்ளுமாறு அவர்களை வற்புறுத்தாமல் இருப்பதும், எழுதி ஒப்புக்கொள்ள வேண்டிய விதிகள்.

மொழியை ஒரு மாதத்தில் கற்க முடியாது. ஆயினும் வணக்கம், தண்ணீர், போதும், வலிக்கிறதா, உங்கள் பெயர் என்ன என்னும் அளவுக்காவது கற்றுச் செல்லலாம். வீட்டுக்காரர் தரும் உணவை மறுக்காமல் உண்ணப் பழகுவதும் ஆயத்தத்தின் பகுதியே. நிலை வைக்கும் நாளில் வீட்டுக்காரர் செய்யும் சடங்கு குழுவின் வழக்கத்திற்கு மாறாக இருந்தால், அன்று சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே முறை. வாசற்படி அவர்களுடையது.